சனிக்கிழமை எரிந்த விளக்கு

நான் வேலை பார்த்த பட்டறை கைமாறிவிட்டது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், எண்ணெய் சிந்தினால் திட்டு விழுமாம். போன ஆயுத பூஜைக்கு மறக்காமல் கூப்பிட்டார்கள், போனேன். ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனருக்கும் ஒரு பொட்டு. சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு அங்கே வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள்: "ஸ்கேனர் இல்லாதப்போ செக் என்ஜின் லைட் எரிஞ்சா இன்னா அண்ணாத்தே பண்ணுவீங்க?"

"முழிப்போம்" என்றேன். சிரித்தார்கள். நான் சொன்னது நிஜம்.

அந்தக் காலத்து மெக்கானிக் காதாலேயே கண்டுபிடிப்பான் என்று பெருமை பேசுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். ஸ்கேனர் இருந்திருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்ச நாள் நிமிர்ந்திருக்கும். ஆனால் அந்தக் கருவியின் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்ததும் ஒரு வண்டி நினைவுக்கு வந்துவிட்டது. சுண்டல் சாப்பிடுகிற நேரத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் அங்கே சொல்லவில்லை.

நான் தொழில் பழகியது துறைமுக லாரிகளில். டீசலும் கிரீஸும் உப்புக்காற்றும் சேர்ந்து கையில் ஏறிய கருப்பு என் கல்யாணத்தன்று கூடப் போகவில்லை. மாமியார் வீட்டில் மருதாணி என்று நினைத்தார்கள். பிறகு கார் பட்டறைக்கு மாறினேன். கார்பரேட்டர் வண்டிகளில் ஓரளவு பேர் எடுத்த நேரத்தில், இரண்டாயிரத்துக்குப் பிறகு, கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் வரிசையாக வர ஆரம்பித்தன. டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஏதோ சரியில்லை என்று சொல்லும். என்ன சரியில்லை என்று சொல்லாது. ஊரில் சில சொந்தக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

எங்கள் போர்மேன் சஞ்சீவி சார். யாராயிருந்தாலும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார், வண்டி முதலாளியையும் சேர்த்து. பானெட்டைத் திறந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். புது மருமகளின் அடுப்படியைப் பார்க்க வந்த மாமியார் மாதிரி, எதையும் தொடாமல் ஒரு சுற்றுப் பார்ப்பார். நாம் ஸ்பேனரை எடுத்தால், "இன்னா அவசரம் நைனா, அதுவே சொல்லுதான்னு பாப்போம்" என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் கேள்வி கேட்பார், அவ்வளவுதான். கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும்போது தப்பு செய்தவன் தானாக வியர்த்துவிடுவான்.

அவர் விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று உண்டு. கழற்றிய சாமானை வண்டிக்காரரிடம் காட்டாமல் வண்டியை அனுப்பக் கூடாது. தேய்ந்த பிரேக் ஷூவோ கிழிந்த பெல்ட்டோ, பழைய செய்தித்தாளில் பரப்பி, இதுதான் போயிருந்தது என்று காட்ட வேண்டும். துடைத்தும் வைக்கக் கூடாது, கழற்றியபடி வைக்க வேண்டும். "தொடச்சிட்டா அது நம்ம சொல்ற கத ஆயிடும்" என்பார்.

ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி எங்கள் வாடிக்கைக்காரர். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மஞ்சள், மிளகாய், சாம்பிராணி, குங்குமம் என்று மூட்டை மூட்டையாக இறங்கும் கடை. அவரிடம் காரோட்டியவன் தணிகாசலம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. வண்டியைத் தன் வீட்டுப் பெண் மாதிரி வைத்துக்கொள்வான், ஒரு கீறல் விழ விடமாட்டான்.

அந்த வண்டிக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். அண்ணாச்சியின் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் சனியும் கீழ்ப்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது மூச்சு வாங்கும், வரும்போது துவண்டு கிடப்பார். நடுவில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று தணிகாவுக்குத் தெரியும்.

சர்வீஸ் நேரத்தில் ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றச் சொன்னார்கள். பிளக்கைத் தணிகாவே கடையில் வாங்கி வந்தான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம், சாமான் டிரைவர் வாங்குவார், கூலி பட்டறைக்கு. அந்த வண்டியில் ஒவ்வொரு பிளக்கும் என்ஜின் தலையில் ஆழமான ஒரு குழிக்குள் இருக்கும். மேலே பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் மூடியிருக்கும். காயிலை உருவி, பிளக்கை மாற்றி, மறுபடி அழுத்தி வைத்தேன். வண்டி பட்டு மாதிரி ஓடியது.

அடுத்த சனிக்கிழமை மதியம் தணிகா திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாத்தே, பேசின் பிரிட்ஜ் மேல ஏற சொல்லோ குதிக்க ஆரம்பிச்சிடிச்சு. லைட்டு எரியுது. பின்னால அம்மா சாஞ்சிகினு கீறாங்க, முன்னால லாரி, பின்னால லாரி. உசுரு பூட்ச்சு."

பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும். அணைத்து அனுப்பினேன். செவ்வாய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள், ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மறுபடி எரிந்தது.

இந்த முறை அண்ணாச்சியும் கூட வந்தார். மெல்லிய குரல்காரர், ஆனால் சொல்வது நறுக்கென்று இருக்கும்.

"மாத்துததுக்கு முன்ன எரியல்ல. மாத்துன பொறவு எரியுது. பிளக்கு டூப்ளிகேட்டு, வேற என்ன? இவன்தான வாங்குனான்."

"சத்தியமா ஒரிஜினல் அண்ணாச்சி" என்றான் தணிகா.

"ஒன் சத்தியத்த வச்சு வண்டி ஓடாது டே. சொகமில்லாத பொம்பளய வச்சுக்கிட்டு நடுப் பாலத்துல நிக்க முடியாது. வார சனிக்கிழமையும் இப்படின்னா சாவிய வச்சுட்டுப் போயிரு."

எனக்குச் சுருக்கென்றது. பிளக் அவன் வாங்கியது, கை என்னுடையது, அவனை மட்டும் நிறுத்துகிறாரே என்று கோபமும் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்கவில்லை. அந்த மனுஷன் சரியாகத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ.

அண்ணாச்சி ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனார். சஞ்சீவி சார் என்ஜினை ஓடவிட்டுப் பின்பக்கம் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்துச் சைலன்சர் வாயருகே பிடித்தார். ஒழுங்கான என்ஜின் காகிதத்தை ஒரே சீராக வெளியே தள்ளும். இது தள்ளித் தள்ளி, நடுவில் ஒரு தடவை உள்ளே இழுத்தது. "ஒண்ணு எரியல நைனா. எதுன்னு பாரு."

பழைய வண்டியாக இருந்தால் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம். இதில் அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் சைலன்சரில் இறங்கிக் கெடுக்கும் என்று அவர் விடமாட்டார். பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரின் இணைப்பைத்தான் கழற்றச் சொன்னார். ஒன்றாவதைக் கழற்றினேன், என்ஜின் தடுமாறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாதவன் லீவு போட்டால் யாருக்குத் தெரியும்? மூன்றுதான் ஆள்.

மூன்றாவது பிளக்கை வெளியே எடுத்தேன். அதன் உடம்பில் செம்மையாக ஒரு கறை. கடலோரத்து வண்டி, துரு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். அதை ஒன்றாவது குழியில் போட்டு, ஒன்றாவதை மூன்றில் போட்டேன். காயிலையும் அதே மாதிரி இடம் மாற்றினேன். பிளக்கோ காயிலோ கெட்டிருந்தால் கோளாறும் கூடவே இடம் மாற வேண்டும். பிறகு குழிகளில் கேஜை வைத்து அழுத்தம் பார்த்தோம். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு, என்ஜின் உள்ளே பழுதில்லை. எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டால் வண்டி சமர்த்தாக ஓடியது.

ஒரு வாரம் ஓடியது. செவ்வாய்க்கிழமை ஒரு குறையும் இல்லை. அந்தச் சனிக்கிழமை பாலத்தில் மறுபடி குதித்தது. இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் மூன்றாவதுதான். அதாவது பிளக் நல்லது, காயில் நல்லது. கெட்டது அந்த இடம்.

சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்ன சனிக்கிழமை அதுதான். சஞ்சீவி சார் கடைக்குப் போன் போட்டார். "பிளக்குல தப்பில்ல நைனா. டிரைவர் மேலயும் இல்ல. ஒரே ஒரு சனிக்கிழம குடுங்க, நான் சொல்றேன்" என்று கேட்டு வாங்கினார். அண்ணாச்சி பிளக்கை நம்பவில்லை, சஞ்சீவி சாரை நம்பினார்.

போனை வைத்துவிட்டு அவர் தணிகா பக்கம் திரும்பினார்.

"செவ்வாக்கெழமையும் அதே பிரிட்ஜ், அதே ஆஸ்பத்திரி, அதே பெட்ரோல். அன்னிக்கி மட்டும் ஏன் நைனா ஒயுங்கா போவுது?"

"தெரில சார்."

"வெள்ளிக்கெழம வண்டிய இன்னா பண்ற?"

"ஒண்ணியும் இல்ல சார். தொடப்பேன்."

"தொடைக்கறது தெனமும்தான?"

தணிகா வெளியே போகிற கண்டெய்னர் லாரியைப் பார்த்தான். அது போனபிறகும் அதே திசையில் பார்த்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே வண்டியைப் பார்த்துவிட்டு வரும்படி சஞ்சீவி சார் என்னை அனுப்பினார். "ஸ்டார்ட் பண்ணாத பாரு. சூடு ஏறிட்டா சாட்சி பூடும்" என்றார். அண்ணாச்சி வீட்டு ஷெட்டில் தணிகா நின்றிருந்தான். என்னைக் கண்டதும் பானெட்டுக்கு முன்னால் வந்து மறித்த மாதிரி நின்றான்.

"நவுரு" என்றேன்.

"அண்ணாத்தே, சொன்னா கேளு."

"நீ சொன்னாதான கேக்கறது. நவுரு."

திறந்தேன். என்ஜின் தலை இன்னும் ஈரம். நடுவில் அழகாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஈரத்தில் கரைந்து ஒரு செந்நிறக் கோடு மூன்றாவது குழிப் பக்கம் இறங்கியிருந்தது. காயிலை உருவினேன். குழிக்குள் செக்கச்செவேல் என்று தண்ணீர் நின்றது. குழிவாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். வெளியே தெரியாமல் அது ஒரு பக்கம் கிழிந்து உள்ளே மடங்கிக் கிடந்தது. சூட்டில் காய்ந்த ரப்பர், பிளக் மாற்றும்போது காயிலோடு வந்து கிழிந்திருக்கிறது. அதுவரை வெள்ளிக்கிழமை ஊற்றிய தண்ணீரை அந்த வளையம் தடுத்திருந்தது. கிழிந்த பிறகு தண்ணீர் உள்ளே போனது. சனிக்கிழமை பாலத்தில் பாரம் ஏறும்போது நெருப்புப்பொறி தண்ணீர் வழியாக ஓடிவிட்டது. மதியம் எங்களிடம் வருவதற்குள் சூட்டில் பெரும்பாலும் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஈரமும் நான் துரு என்று துடைத்த அந்தக் கறையும் மட்டும் மிஞ்சியிருந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி என்ஜின் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பொட்டு வைத்திருக்கிறான். அந்தத் தண்ணீர்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறது. அவனைத் திட்ட வாய் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினேன்.

"பூஜ பண்ணேன்னு சொல்லிட்டு போயேன்டா. இதுல இன்னா கீது?"

"சொல்லக் கூடாது அண்ணாத்தே. வேல போனாலும் பரவால்ல. கேக்காத."

குழியைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, கையிலிருந்த வேறு பிளக்கைப் போட்டு அனுப்பினேன். அன்றைக்குப் பாலத்தில் வண்டி குதிக்கவில்லை. கழற்றிய பிளக்கும் கிழிந்த வளையமும் செய்தித்தாளில் மடித்து என் பையில் இருந்தன.

மதியம் அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டுத் தணிகா பட்டறைக்கு வந்தான். நான் நடந்ததை எல்லாம் சஞ்சீவி சாரிடம் சொன்னேன். "தண்ணி பூந்திச்சுன்னு மட்டும் சொல்லிடலாம் சார். பிளக்க தொடச்சிடறேன்" என்றேன். அண்ணாச்சி கண்டிப்பான சபைக்காரர். பூஜை விஷயம் தெரிந்தால் என்ன செய்வாரோ என்று எனக்குப் பயம்.

சஞ்சீவி சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிளக்கை ஒரு சுற்றுப் பார்த்தார். "ரப்பர் நம்ம கையில கிழிஞ்சிது. அத நாம சொல்லணும். செவப்பு நம்முது இல்ல" என்றார். பிறகு தோளில் கிடந்த துணியைத் தணிகாவிடம் நீட்டினார். இருபது முப்பது வருஷச் சட்டத்தை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "தொடைக்கணும்னா நீயே தொடச்சிடு நைனா. நான் பாக்கல."

தணிகா துணியை வாங்கினான். பிளக்கைக் கையில் எடுத்தான்.

"குங்குமம் சார். ஒர்த்தங்க நல்லா இருக்கணும்னு வெச்சது. சொமங்கலிக்காக வெச்சத என் கையால எப்டி சார் அழிக்கறது?"

துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நான் ஏற்கெனவே ஒரு தடவை துடைத்ததை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னை வெட்டியிருப்பான்.

அண்ணாச்சி வந்தார். செய்தித்தாளில் கிழிந்த வளையமும் பிளக்கும் கழற்றியபடி இருந்தன. சஞ்சீவி சார் வளையத்தைக் காட்டி, "இது எங்க வேல நைனா, புதுசு போட்டுட்டோம். இது வழியா தண்ணி பூந்திச்சு. இவன் வாங்கின பிளக்கு சுத்தமான சரக்கு" என்றார்.

அண்ணாச்சி பிளக்கை எடுத்தார். கட்டைவிரலால் அந்தச் செம்மையைத் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். காலமெல்லாம் குங்குமத்தை மூட்டையாக விற்றவருக்கு நாங்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நம்ம கடைச் சரக்கு சாயக் குங்குமம். தண்ணி பட்டா ரோஸா ஓடும். இது அசல் மஞ்சள்ல பண்ணுனது" என்றார். "இத நான் விக்கிறதில்ல. வீட்டுக்கு வாற இந்துப் பொம்பளயளுக்கு வச்சு அனுப்ப எம் பொண்டாட்டி ஊர்லேருந்து ஒரு டப்பா வரவழச்சு வச்சிருக்கா. அவ பீரோவுல இருக்கும்."

தணிகா முந்திக்கொண்டான். "நாந்தான் கேட்டு வாங்கினேன் அண்ணாச்சி."

"பொய் சொல்லாத டே. நீ கேக்க மாட்ட. அவதான் தந்திருக்கா. என்ன சொல்லித் தந்தா?"

தணிகா எங்களைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். சொல்லாமல் தப்ப முடியாது என்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னான்.

"'எங்க சாமிகிட்ட நான் கேட்டுகினு தான் கீறேன் தணிகா. உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையி. நான் போறத பத்தி ஒண்ணியும் இல்ல, அண்ணாச்சி தனியா சோறு துன்ன மாட்டாரு'ன்னாங்க. 'அவருக்கு தெரிய வாணாம், வருத்தப்படுவாரு'ன்னாங்க."

பட்டறையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் அதை நிறுத்தினார்கள். அண்ணாச்சி பிளக்கைச் செய்தித்தாளில் வைத்து, தானே மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டியில் ஏறும்போது தணிகாவிடம் சொன்னார். "தண்ணி ஊத்தாத டே. ஈரத்துணியால தொட, பொட்ட வையி. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்."

விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை.

சில மாதம் கழித்து ஆயில் மாற்ற வண்டி வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அண்ணாச்சியே ஓட்டி வந்திருந்தார். தணிகா மச்சினன் கல்யாணத்துக்குத் திருத்தணி போய் அந்த வாரம் முழுக்க ஊரில் இல்லை. பானெட்டைத் திறந்தேன். என்ஜின் தலையில் தண்ணீர் இல்லை, நன்றாகத் துடைத்திருந்தது. நடுவில் புதுப் பொட்டு ஒன்று, காலையில் வைத்தது. தணிகா வைப்பது விரல்நுனி அளவு இருக்கும். இது கட்டைவிரலால் அப்பி, ஓரமெல்லாம் சிந்தி, ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாக இருந்தது. மொத்த வியாபாரி கை.

நான் நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயிலப் பாரும் மேஸ்திரி" என்றார்.